தொகுதியும் பகுதியும்

2025 ஏப்ரல் 24. சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலுக்கான வேட்புமனுத் தாக்கல் முடிந்த மறுநாள் காலை. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறிக்கொண்டிருந்தேன், கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஈசூன் மாமா ஒரு படம் போட்டிருந்தார். ஒரு குவளை கோப்பி, அதன் மேல் யாரோ கொட்டை எழுத்தில் பதித்த வாசகம். ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, 28 விழுக்காடு ஏறிவிட்டதாம், அதனால்தான் கோப்பி விலையும் ஏறியதாம், கணக்குப் போட்டுப் பாருங்கள் மக்களே என்று முடிந்திருந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது கணக்குப் போட்டுப் பார் என்றால் உண்மையாகவே போட்டுப் பார்த்துவிடுவேன். துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் ஜிஎஸ்டி படிவத்தை நிரப்புவது நான்தான். அதனால் அந்த 28 எங்கிருந்து வந்தது என்பது ரயில் பூன் லேயைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வரி 7-லிருந்து 9 ஆனது. 2-ஐ 7-ஆல் வகுத்தால் 28.6. எண் பொய்யில்லை. வரி விகிதம் ஏறியது அவ்வளவுதான், சரி. ஆனால் கடையில் நாம் கொடுப்பது வரியை மட்டும் இல்லையே, பொருளின் விலையையும் சேர்த்துத்தானே. 100 வெள்ளி, அதாவது 100 டாலர், விலையுள்ள பொருளுக்கு முன்பு 107 கொடுத்தோம், பிறகு 109. கூடுதலாகப் போன அந்த 2 வெள்ளியை 107-ஆல் வகுக்க வேண்டும். 1.9 விழுக்காடு வரும். அதுவும் ஒரே நாளில் வந்ததில்லை. 2023 ஜனவரி 1-ல் 8, 2024 ஜனவரி 1-ல் 9.

மேலே இருக்கும் 2 மாறவே இல்லை. கீழே 7 போட்டால் 28, 107 போட்டால் 1.9.

தொடக்கப்பள்ளியில் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தமிழ்நாட்டில் கணக்கையும் தமிழிலேயே படித்தவர். இங்கே நாம் கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறோம் என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். மழை நாட்களில் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்குச் சொற்களைச் சொல்லித்தருவார். பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் தொகுதி என்றால் எங்கள் வீட்டில் தேர்தல் தொகுதிதான். இப்போது நினைத்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லோரும் தொகுதியைப் பற்றியே பேசுகிறோம், பலர் சேர்ந்து நிற்கும் குழுத்தொகுதி, ஒருவர் மட்டும் நிற்கும் தனித்தொகுதி என்று. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஆளில்லை.

குழுவில் இதை எழுதினேன். 1.9 என்று போட்டேன். மாமா ஒரு வரியில் பதில் அனுப்பினார்: "அப்ப கோப்பி ஏம்மா 1.20-லேர்ந்து 1.40 ஆச்சு?"

நியாயமான கேள்வி. அது 1.9 இல்லை, 16.7 விழுக்காடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈசூனுக்குப் போனேன். மாமா செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூவறை வீடு, கடன் முடிந்த வீடு. அத்தை காலமான பிறகு வீட்டுச் செலவை அவரே பார்க்கிறார், அதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதியும் வைக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டு. 2021 மார்ச்சிலிருந்து ஒரு நாள் விடாமல். தேதி, பொருள், கடை, விலை. மீன் வாங்கினால் எடை. நான் பார்த்த கணக்குப் புத்தகங்களில் திருத்தம் இல்லாத ஒரே புத்தகம் அதுதான்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினோம். அவருக்கு கோப்பி சி, எனக்கு தே ஓ.

முதலில் கோப்பி. ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. உணவங்காடி நிலையத்துச் சின்னக் கடைகள் பலவும் அந்தக் கணக்கில்தான் வரும். அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்க முடியாது. ஆனால் அவர்கள் வாங்கும் பால்டின், சர்க்கரை, எரிவாயு எல்லாவற்றிலும் வரி ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே வரியால் விலை ஏறவே ஏறாது என்று சொல்வதும் தப்பு. முழு வரியையும் நம் தலையில் கட்டினார்கள் என்றே வைத்துக்கொண்டால்கூட 1.20 கோப்பி 1.22 ஆக வேண்டும். 1.22-க்கு கோப்பி விற்கிற கடையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஐந்து காசு நாணயத்தையே கடைக்காரர் முறைத்துப் பார்க்கிறார். கோப்பி விலை மாடிப்படி மாதிரி, பத்துப் பத்துக் காசாகத்தான் ஏறும். இரண்டு காசுக் காரணம் வந்தாலும் பத்துக் காசு ஏறும், எட்டுக் காசுக் காரணம் வந்தாலும் பத்துக் காசுதான் ஏறும். அதோடு 2024-ல் உலகச் சந்தையில் காப்பிக்கொட்டை விலை தாறுமாறாக ஏறியது. நம் கோப்பிக்கு அதிகம் போகும் ரொபஸ்டா கொட்டை அந்த ஆண்டில் பல பத்தாண்டுகளாகக் காணாத உச்சத்தைத் தொட்டது. வாடகை, ஆள்கூலி தனி. வரி ஏறுகிற நேரம் பார்த்து விலைப்பலகையை மாற்றுவது கடைக்காரருக்குச் சௌகரியம், அவ்வளவுதான். எல்லாரும் ஏற்றும்போது ஏற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அப்ப வரிமேல தப்பே இல்லைங்கிற?"

"இருக்கு மாமா. ஆனா இருபது காசுல எத்தனை காசு அதோடதுன்னு பார்க்கணும்ல?"

மாமா பேசாமல் நோட்டைப் புரட்டினார். அவர் வெல்டர். நெருப்பு எந்த இடத்தில் பட்டால் எங்கே வளையும் என்று தெரிந்தவர். காரணம் வேறு, நேரம் வேறு என்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

அடுத்து வந்தது அரிசி. எனக்கு அந்த நோட்டில் ரொம்பப் பிடித்த பக்கம். தேக்காவில் வாங்கும் ஐந்து கிலோ பொன்னி 10.90-லிருந்து 13.50 ஆனது 2023 ஆகஸ்ட் கடைசியில். ஏறத்தாழ 24 விழுக்காடு. அந்த மாதம் சிங்கப்பூரில் எந்த வரியும் ஏறவில்லை. என்ன நடந்தது என்று நம் ஆட்களுக்கு மறந்திருக்காது. 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. முஸ்தபாவில் அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் மூன்று நான்காக அடுக்கிக்கொண்டு போனவர்களை நானே பார்த்தேன், நானும் இரண்டு மூட்டை எடுத்தேன், அதை மறைப்பானேன். ஆகஸ்ட் 25-ல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. சிங்கப்பூருக்கு அரிசி அனுப்ப அனுமதிப்பதாக ஆகஸ்ட் முடிவில் இந்தியா அறிவித்தது. ஆனால் கடையில் ஏறிய விலை அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குவதில்லை. தடையை இந்தியா எடுத்தது 2024 செப்டம்பரில், புழுங்கல் வரியை அதற்கடுத்த மாதம். மாமாவின் நோட்டில் பொன்னி மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது, ஆனால் 10.90-க்குத் திரும்பவே இல்லை.

கோழியும் அப்படித்தான். 2022 ஜூன் 1-ல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் சாப்பிடும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மாமாவின் நோட்டில் அந்த ஜூனில் முழுக்க மீனும் முட்டையும்தான். ஓர் இடத்தில் மட்டும் "உறைகோழி. வேணாம்" என்று எழுதியிருக்கிறார். விலை எழுதவில்லை, தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

இதை வைத்து அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குவதாக மாமா நினைத்துக்கொண்டார். "நீ இப்ப பெரிய உத்தியோகம், அப்படித்தான் பேசுவ" என்றார். அடுத்த வாரமே என் பெயர் எதிர்ப்பக்கம் மாறிவிட்டது என்பது தனிக்கதை.

பொங்கோலில் இருக்கும் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். ஆளுங்கட்சிக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் யாராவது குறை சொன்னால் அவருக்குச் சொந்த வீட்டைக் குறை சொன்ன மாதிரி இருக்கும். அவர் ஒரு வரைபடம் அனுப்பினார். மூன்று கட்டைகள், வலப்பக்கம் போகப்போகக் குட்டையாகிக்கொண்டே போகின்றன. 2022-ல் 6.1, 2023-ல் 4.8, 2024-ல் 2.4. தலைப்பு, விலைவாசி பாதிக்கும் கீழே குறைந்தது!

எண்கள் மூன்றும் சரி. புள்ளிவிவரத் துறை வெளியிட்டவைதான். தலைப்பு மட்டும் பொய். குறைந்தது விலை இல்லை, விலை ஏறுகிற வேகம். கார் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40-க்கு வந்தால் பின்னால் போகிறது என்று யாராவது சொல்வார்களா? 2021-ல் 100 வெள்ளிக்கு வாங்கிய அதே கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். 6.1 ஏற்றுங்கள், அதன்மேல் 4.8, அதன்மேல் 2.4. 113 வெள்ளி 86 காசு வரும். மாமாவின் வயிற்றெரிச்சல் அந்த 13.86 வெள்ளியில் இருக்கிறது. அண்ணனின் வரைபடத்தில் அதைக் காணோம், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டுக்கும் முந்தைய ஆண்டையே கீழே போட்டு வகுத்துக்கொண்டே வந்தால் பழைய ஏற்றமெல்லாம் பகுதிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

எழுதினேன். "நீ எப்போலேர்ந்து எதிர்க்கட்சி?" என்று அண்ணன் கேட்டார். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம், ஆனால் அந்தச் சிரிப்பு முகங்களின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

இங்கே இன்னொரு சில்மிஷமும் உண்டு, இரண்டு பக்கமும் செய்வார்கள். சிங்கப்பூரில் பணவீக்கம் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று எல்லாம் சேர்ந்தது. மற்றொன்று நம் மத்திய வங்கியான நாணய ஆணையம் பார்க்கும் மூலாதாரப் பணவீக்கம், அதில் வீட்டு வாடகையும் சொந்த வாகனச் செலவும் கிடையாது. 2022-ல் முதலாவது 6.1, இரண்டாவது 4.1. குறை சொல்ல வேண்டுமானால் முதலாவதை எடுப்பார்கள், தடவிக்கொடுக்க வேண்டுமானால் இரண்டாவதை. 2024-ல் தலைகீழ், மூலாதாரம்தான் மேலே நின்றது. உடனே இரண்டு தரப்பும் எண்ணை மாற்றிக்கொண்டார்கள், சட்டை மாற்றுகிற மாதிரி.

மாமாவுக்கு எது பொருந்தும்? அவரிடம் கார் இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், 150,001 வெள்ளிக்குப் போனபோது அவர் சிரித்ததுதான் அவருடைய வாகனச் செலவு. சொந்த வீடு. இந்த ஊரில் பத்துக் குடும்பத்தில் ஒன்பது சொந்த வீட்டில்தான் இருக்கின்றன, ஆனால் விலைக் குறியீட்டில் அவர்களுக்கும் ஒரு கற்பனை வாடகை போட்டுச் சேர்க்கிறார்கள், அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. 2022-லும் 2023-லும் வாடகை பறந்தபோது குறியீடு ஏறியது, மாமாவின் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை. அவருக்கு அடித்தது சாப்பாடும் மின்கட்டணமும்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, நடுத்தரத்துக்கு, மேல்தட்டுக்கு என்று தனித்தனியாகவும் புள்ளிவிவரத் துறை விலைக் குறியீடு வெளியிடுகிறது. யாரும் அதை வரைபடமாக்கி அனுப்புவதில்லை. அதில் கொட்டை எழுத்துக்கு இடமில்லை போலும்.

சம்பளக் கணக்கில் நான் விழுந்த கதையைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது.

இரண்டு தரப்பிடமும் நல்ல பெயர் போன பிறகு, விலையையும் வருமானத்தையும் ஒன்றாகப் போட்டு ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரவு பதினொன்றரைக்கு. மனிதவள அமைச்சின் தளத்தில் முழுநேர ஊழியர்களின் இடைநிலை மாத வருமானம் இருக்கிறது. எல்லாரையும் வருமான வரிசையில் நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவரின் வருமானம். 2019-ல் 4,563 வெள்ளி. 2024-க்கான எண்ணை எடுத்து ஒப்பிட்டு, ஐந்து ஆண்டில் விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் நடுவில் நிற்பவர் பின்னால் போயிருக்கிறார் என்று பத்து வரி எழுதிக் குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் அண்ணனின் மகள் பதில் எழுதியிருக்கிறாள். தொடக்கக் கல்லூரியில் பொருளியல் படிக்கிறாள். "அத்தை, 2019 நம்பர்ல முதலாளி கட்டுற சிபிஎஃப் இருக்கு. 2024-க்கு நீங்க எடுத்ததுல இல்ல. ரெண்டு வரிசை இருக்கு, கலந்துட்டீங்க."

கலந்துதான் விட்டேன். சிபிஎஃப் என்றால் மத்திய சேமநிதி. அதற்கு முதலாளி கட்டுவது 55 வயது வரை சம்பளத்தில் 17 விழுக்காடு. அதை ஓர் ஆண்டில் சேர்த்து, இன்னோர் ஆண்டில் விட்டால் என்ன ஆகும்? சேர்த்த வரிசையில் 2024-ன் எண் 5,500. 4,563-லிருந்து 5,500 என்றால் ஐந்து ஆண்டில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம். என் பதிவில் அதில் பாதிகூட வரவில்லை. பதினெட்டு வருடம் கணக்குப் பிரிவில் இருப்பவள் செய்த வேலை. யாராவது எங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். குழுவில் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்திருந்தால், அதை ஏற்கெனவே வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்த இரண்டு பேருக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

அவளோடு உட்கார்ந்து சரியாகவும் போட்டுப் பார்த்தேன். 2021-ல் 4,680, 2022-ல் 5,070, 2023-ல் 5,197, 2024-ல் 5,500. மூன்று ஆண்டில் 17.5 விழுக்காடு ஏற்றம். அதே மூன்று ஆண்டில் விலை 13.9. மிஞ்சுவது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் 2023 மட்டும் பள்ளம். சம்பளம் 2.5 ஏறியது, விலை 4.8. அந்த ஓராண்டை மட்டும் வெட்டியெடுத்தால் வீழ்ச்சி என்று எழுதலாம், 2024-ஐ மட்டும் வெட்டினால் பாய்ச்சல் என்று எழுதலாம். இரண்டு துண்டையும் அந்த வாரம் வெவ்வேறு குழுக்களில் பார்த்தேன்.

இது நடுவில் நிற்பவரின் கதைதான். முழுநேர வேலை பார்க்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் கதை. மாமா அந்த வரிசையிலேயே இல்லை. துவாஸில் எங்கள் கிடங்கில் வேலை செய்யும் திருத்துறைப்பூண்டித் தம்பியும் இல்லை, அவர் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது அந்தத் தம்பியின் தலையும் எண்ணப்படுகிறது. 2024-ல் 60 லட்சத்து 40 ஆயிரம் பேர், அதில் 18 லட்சத்து 60 ஆயிரம் பேர் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்கள். ஒரு கணக்கில் கீழே இருப்பவர் இன்னொரு கணக்கில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆச்சரியக்குறி போடும் படங்களைக் கண்டால் எனக்கு இப்போது கை நடுங்குகிறது.

கடன் பற்றிய படம் வந்தது தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. சிங்கப்பூரின் கடன் அதன் மொத்த உற்பத்தியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், நாடு திவாலாகப் போகிறது, உங்கள் சிபிஎஃப் போச்சு. மாமாவுக்கு இரவு தூக்கம் போய்விட்டது. போனில் கூப்பிட்டார்.

ஒன்றரை மடங்குக்கு மேல் என்பது உண்மை. அனைத்துலக அட்டவணைகளில் சிங்கப்பூர் முன்வரிசையில்தான் இருக்கும். ஆனால் இது செலவுக்குக் காசில்லாமல் வாங்கிய கடன் இல்லை. பெரும்பகுதி, சிபிஎஃப் பணத்தை வாங்கிக்கொண்டு சிபிஎஃப் வாரியத்துக்கு அரசாங்கம் கொடுத்த சிறப்புப் பத்திரங்கள். சாதாரணக் கணக்குக்கு நமக்குக் கிடைக்கும் 2.5 விழுக்காடு அந்த வழியாகத்தான் வருகிறது. அடுத்தது, உள்ளூர்ப் பத்திரச் சந்தையை வளர்ப்பதற்காக வெளியிட்டவை. இந்தப் பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் போட்டுச் செலவழிக்கச் சட்டம் விடாது, முதலீடுதான் செய்ய வேண்டும். பெரிய உள்கட்டமைப்புக்கு மட்டும் கடன் வாங்கிச் செலவழிக்க 2021-ல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கும் 9,000 கோடி வெள்ளி என்று உச்சவரம்பு உண்டு.

மாமாவுக்கு இப்படிச் சொன்னேன். "உங்ககிட்ட நான் பத்தாயிரம் வெள்ளி வாங்கி வங்கில போட்டு வச்சிருக்கேன்னு வைங்க. எனக்குப் பத்தாயிரம் கடன் இருக்குன்னு யாராச்சும் சொன்னா அது பொய்யா? இல்ல. ஆனா வங்கிப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்கணும்ல?"

"அந்த வங்கிப் புத்தகத்த காட்டச் சொல்லு."

இதுதான் மாமா. கொக்கியை நேராக அங்கேதான் மாட்டுவார். நாணய ஆணையம் தன் கையிருப்பை வெளியிடுகிறது. அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கும் வெளியிடுகிறது, 2024 மார்ச் கணக்குப்படி 38,900 கோடி வெள்ளி. மூன்றாவது, பெரிய பங்கை நிர்வகிக்கும் இன்னொரு அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி எவ்வளவு வைத்திருக்கிறது என்று அரசாங்கம் சொல்வதில்லை. மொத்தக் கையிருப்பு தெரிந்தால் சிங்கப்பூர் வெள்ளியைத் தாக்க நினைக்கும் ஊக வணிகர்களுக்கு வசதியாகிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணத்தில் பொருள் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருப்பதால்தான் இந்த மாதிரிப் படங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன என்பது என் எண்ணம். சுற்றிவளைத்துத்தான் காட்ட முடிகிறது. மூன்று பெரிய தரநிர்ணய நிறுவனங்களும் சிங்கப்பூருக்கு உச்சத் தரம் கொடுத்திருக்கின்றன. கையிருப்பின் முதலீட்டு வருமானத்திலிருந்து, நீண்டகாலத்தில் எதிர்பார்க்கும் உண்மை வருவாயில் பாதி வரைதான் எடுக்கலாம் என்ற வரம்போடு, ஆண்டுதோறும் அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. திவாலாகப் போகிறவன் வீட்டில் வட்டி வருமானம் அவ்வளவு வராது. இதற்குமேல் என்னால் மாமாவுக்குக் காட்ட முடியவில்லை. அவருக்குப் பாதி சமாதானம்தான்.

இப்படிப்பட்ட எண்களைப் பொதுவெளியில் போடும்போது இணையத்தில் பரவும் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டமும் நினைவில் நிற்கிறது. 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதன் கீழ் முதலில் நீதிமன்றம் போன வழக்குகளில் ஒன்று ஒரு பின்னத்தைப் பற்றியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2019 டிசம்பரில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்குத் திருத்த உத்தரவு போனது. நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் வகை வேலைகளில் ஆட்குறைப்புக்கு உள்ளாகும் சிங்கப்பூரர்களின் விகிதம் ஏறுகிறது என்று கட்சி எழுதியிருந்தது. எதில் விகிதம்? வேலை போனவர்கள் எல்லாரையும் கீழே போட்டு அவர்களில் இந்த வகையினர் எத்தனை பேர் என்று பார்ப்பது ஒன்று. இந்த வகை வேலையில் இருப்பவர்கள் எல்லாரையும் கீழே போட்டு அவர்களில் எத்தனை பேருக்கு வேலை போனது என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவது ஏறும்போதே இரண்டாவது ஏறாமல் இருக்க முடியும், ஏனென்றால் அந்த வகை வேலைகளே நாட்டில் பெருகிக்கொண்டு வருகின்றன. 2020-ல் உயர் நீதிமன்றம் கட்சியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2021-ல்தான் தீர்ப்பு வந்தது. எந்தப் பகுதி என்று எழுதியவர் ஒரு சொல்லில் சொல்லியிருந்தால் சண்டைக்கே இடமிருந்திருக்காது. கேட்பவர்களும், உத்தரவு போடுவதற்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரிலிருந்தும் படங்கள் வரும். புதுக்கோட்டைச் சித்தப்பா அனுப்புவார், தேர்தல் இல்லாவிட்டாலும் அனுப்புவார். ரூபாய் சரிந்தது, நாடு சரிந்தது என்று ஒரு கட்சி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லாபம்தானே என்று மறு கட்சி. 2014 நடுவில் ஒரு வெள்ளிக்கு 48 ரூபாய் கிடைத்தது, 2024 முடிவில் 62-ஐத் தாண்டியது. தேக்காவில் பணம் அனுப்பும் கடை வாசலில் நிற்கும்போது எனக்கும் லாபம் மாதிரித்தான் இருக்கும். 30 விழுக்காடு கூடுதல் ரூபாய். ஆனால் அதே காலத்தில் இந்தியாவில் சில்லறை விலைகள் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருக்கின்றன. 2014-ல் நான் அனுப்பிய ஒரு வெள்ளி அம்மாச்சிக்கு வாங்கிக்கொடுத்ததை இன்றைய ஒரு வெள்ளி வாங்கிக்கொடுக்காது. சித்தப்பாவுக்கு இதை எழுதினேன். நீல நிறத்தில் இரண்டு சரிக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலை வணக்கம் சொல்லி ஒரு முருகன் படம் வந்தது.

மே 3-ல் வாக்களித்தோம். குடும்பத்தில் யாரும் என் கணக்கால் வாக்கை மாற்றினதாகத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஜூலையில் எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தது, சிங்கப்பூர் விடுதலையின் 60-ஆம் ஆண்டுக்காக அரசாங்கம் கொடுத்தது. 21 முதல் 59 வயது வரையிலான குடிமக்களுக்கு 600 வெள்ளி, 60-உம் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800. மாமா ஈசூனுக்கு வரச் சொன்னார், கைப்பேசியில் அதை எடுக்கத் தெரியவில்லை என்று. எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், பற்றுச்சீட்டில் வாங்கிய சாமானுக்கு என்ன விலை எழுதுவது? கையிலிருந்து காசு போகவில்லையே, சைபர் போடலாமா?

சைபர் போட்டால் ஜூலையில் விலைவாசி விழுந்துவிட்டது மாதிரி இருக்கும் என்றேன். கடைவிலையை எழுதினால் செலவழிக்காத பணம் செலவில் சேரும் என்றார் அவர். அரை மணி நேரம் வாதாடினோம். புள்ளிவிவரத் துறை விலைக் குறியீட்டில் இப்படிப்பட்ட பற்றுச்சீட்டைக் கழிப்பதில்லை, கடைவிலைதான் கணக்கு என்று சொன்னேன். அது அவர்களுடைய நோட்டு, இது என்னுடைய நோட்டு என்றார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின் அட்டையிலிருந்து புதிதாக ஒரு பட்டியல் தொடங்கினார். மேலே "வந்தது" என்று எழுதினார். முன்பக்கத்தில் விலை விலையாகவே இருக்கும், பின்பக்கத்தில் இது தனியாக வளரும், ஆண்டுக் கடைசியில் இரண்டையும் என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிறகு கீழே போய் கோப்பி வாங்கினோம். 1.50 ஆகியிருந்தது. மாமா பற்றுச்சீட்டில் கொடுத்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், நோட்டின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டுத்தான் குவளையைத் தொட்டார்.